பரவும் என்று முடித்தவர்

கல்லுடைச்சான் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை தங்கராஜாவுக்கு ஒரு தொண்டை இருந்தது என்று சொன்னால் போதாது. அந்தத் தொண்டையைச் சுமந்து திரிவதற்காகத்தான் தங்கராஜாவே பிறந்திருந்தார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால், அதே பெயரில் அடுத்த மூன்று தோட்டங்களில் இருந்தவர்களும் "வந்துட்டேங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மடுல்சீமை மலையில் பனிமூட்டம் கலைவதே அவர் சத்தத்துக்குப் பயந்துதான் என்று லயத்து வரிசை வீடுகளில் சத்தியம் செய்ய ஆள் இருந்தது.

அடுத்த பெருமை அவருடைய இங்கிலீசு. ஐந்து துரைமாருக்குக் கீழே வேலை பார்த்தவர். ஐந்து பேரும் அவரை இங்கிலீசில்தான் திட்டினார்கள். அப்படித் திட்டு வாங்கியே சேர்த்த இங்கிலீசு அவரிடம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

அந்த மூட்டையை அவிழ்க்க ஒரு நாள் வந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டு, மாசி மாதம். கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். எய்ட்ஸ் என்று புதிதாக ஒரு வியாதி உலகத்தில் கிளம்பியிருக்கிறது, அதைப் பற்றிச் சனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் வராது. சனத்துக்கு இங்கிலீசு வராது. நடுவில், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு தங்கராஜா நின்றார்.

ஆரம்பம் தட்டுத்தடுமாறித்தான் போயிற்று. டொக்டர் அம்மா ஒரு சின்ன ரப்பர் உறையைக் கையில் தூக்கிக் காட்டி ஐந்து நிமிடம் விளக்கினார். தங்கராஜா காது வரை சிவந்து, "எல்லாரும் ஒழுக்கமா இருங்க" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார். அதன் பிறகு வந்தது அந்த நீளமான வாக்கியம்.

இங்கிலீசுக்காரன் 'இல்லை' என்பதை வாக்கியத்தின் வாசலிலேயே வைத்துவிடுகிறான். தமிழன் அதைக் கடைசிக் காம்பராவுக்குள் வைத்திருக்கிறான். டொக்டர் அம்மா 'நொட்' என்று தொடங்கி, கோப்பை, பீங்கான், துவாய், பாய், பீலித் தண்ணீர், கக்கூஸ், கொசுக்கடி, பக்கத்தில் உட்காருவது, ஒரே பஸ்ஸில் போவது என்று பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் மாதிரி இழுத்துக்கொண்டே போனார். தங்கராஜா ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டார். முதலில் ஏறிய அந்த 'நொட்' மட்டும் ரயில் பாதை வளைகிற தெமோதரைச் சுற்றில் எங்கோ இறங்கிப் போய்விட்டது.

"கோப்பையில, பீங்கான்ல, துவாயில, பாயில, பீலித் தண்ணியில, கக்கூசுல, கொசுவுல, பக்கத்துல ஒக்காந்தா, ஒரே பஸ்ஸுல போனா... இத்தனையிலயும் அந்த வியாதி பரவும்!"

எதிர் மலை அதைத் திருப்பிச் சொல்லிற்று: வும், வும், வும்.

சனத்தின் முகம் வெளிறியதைப் பார்த்த டொக்டர் அம்மா, என்ன கவனமாகக் கேட்கிறார்கள் என்று மகிழ்ந்து தங்கராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைசியாக அவர் சொன்னதைத் தங்கராஜா அப்படியே தமிழில் சொன்னார்: "ரத்தத்தைச் சோதிச்சு 'பொசிட்டிவ்'னு எழுதிக் குடுத்தாங்கன்னா, அந்த வியாதி இருக்குன்னு அர்த்தம்."

அன்றைக்கு அவர் பிழையில்லாமல் சொன்னது அது ஒன்றுதான். வேலாயியைத் தின்றதும் அதுதான்.

வேலாயி அவருடைய லயத்துக்கு அடுத்த லயத்தில் தனியாக இருந்தவள். புருசன் செத்து ஆறு வருடம். அவள் இரண்டு கையால் கொழுந்து பறிக்கிறாளா, இருபது கையாலா என்று செடிகளே குழம்பும்.

சித்திரையில் தங்கராஜாவின் மகள் விசாலாட்சிக்குப் பிள்ளை வலி கண்டது. தாயில்லாத பெண். மருமகன் கொஸ்லந்தப் பக்கம் வேலையில் இருந்தான். பிள்ளை பிறப்பதற்கு முன்பே ரத்தம் போகத் தொடங்கிவிட்டது. கொழுந்து லொறியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தார்கள். அந்தச் சாக்கு நனைந்ததைப் பார்த்ததும், மூன்று தோட்டத்தை எழுப்புகிற தொண்டைக்காரர் சத்தமில்லாமல் தேயிலைச் செடிக்குள் விழுந்தார். அவரைத் தூக்கவா, லொறியை எடுக்கவா என்று எல்லாரும் திகைத்தபோது வேலாயி பின்னால் ஏறி விசாலாட்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "எடுப்பா வண்டிய! ஐயா தானா எந்திரிப்பாரு" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள் என்ற செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டது. பிள்ளை மெலிவு, ஒரு மாதம் பதுளை ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும்.

மறுநாள் பெரட்டில் தங்கராஜா பூரித்துப்போய் நின்றார். "வேலாயிக்கு மூணு நாளும் முழுப் பேரு!" என்று கத்தினார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்றுதான் தோட்டத்தில் பேச்சு. அவர் பெயரைக் கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு.

வேலாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு அட்டையை நீட்டினாள். "ஆஸ்பத்திரியில குடுத்தாங்க ஐயா. பத்திரமா வச்சிக்கச் சொன்னாங்க. இங்கிலீசுல இருக்கு. என்னான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

தங்கராஜா கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார். சனம் காதைத் தீட்டிற்று.

"வேலாயி. வயசு முப்பத்தெட்டு. ஓ... பொசிட்டிவ்."

எழுதின ஆளே அதிர்ச்சியில் 'ஓ!' என்று அலறிவிட்டுத்தான் மிச்சத்தை எழுதியிருக்கிறான் என்று தங்கராஜாவுக்குத் தோன்றியது. அட்டை கையிலிருந்து நழுவியது.

"ஏ வேலாயி... ஒனக்கு ரத்தம் எடுத்தாங்களா?"

"ஆமாங்க. ஊசி போட்டு ஒரு போத்தல் எடுத்தாங்க. அது வந்து ஐயா, நம்ம பாப்பா..."

"கிட்ட வராத! அங்கயே நில்லு!"

அவள் சொல்ல வந்தது யார் காதிலும் விழவில்லை. இருநூறு பேர் இருநூறு திசையில் ஓடினார்கள். அட்டையும் அவளும் மட்டும் களத்தில் மிஞ்சினார்கள். அவளும் மாசி மாதக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்தான். பொசிட்டிவ் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும். குனிந்து அட்டையை எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அடுத்த வாரத்தில் நடந்ததை மிகைப்படுத்த யாராலும் முடியாது. அவள் காம்பராவுக்கு இரண்டு பக்கமும் இருந்த குடும்பங்கள் பாய் படுக்கையோடு காலி செய்துவிட்டன. அவள் பறித்த கொழுந்தை ஆற்றில் கொட்டினார்கள். ஆற்றங்கரையில் அந்த வாரம் யாரும் துணி துவைக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் விசாரிக்க வந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு லயத்துக்கும் பொதுவாகத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் அவள் குடத்தை வைத்தபோது, அதே லயத்து வள்ளியம்மை அதை விறகுக்கட்டையால் தள்ளி உடைத்தாள்.

தங்கராஜா தாராள மனசுக்காரர் அல்லவா? தண்ணீர் இல்லாமல் சாக விடுவாரா? கூரைத் தகரம் ஒன்றை வளைத்து, கீழே கழிவுநீர்க் கான் ஓரத்தில் பாறையிலிருந்து கசிகிற தண்ணீரை அவளுக்கென்று திருப்பிவிட்டார். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குத் தகரப் பீலி என்று பெயர் வந்தது. "எவன் செய்வான் இந்தக் காலத்துல?" என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அதன் பிறகு காலைப் பெரட்டில் அவர் தொண்டை எல்லாப் பெயரையும் கூப்பிட்டது, வேலாயி என்ற பெயரைத் தவிர.

வைகாசியில் மகளை அழைத்துவரப் பதுளைக்குப் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாறூக் என்பவன் எதிர்ப்பட்டான். ரத்தம் பார்க்கிற அறையில் வேலை செய்கிறவன்.

"விசாலாட்சிட வாப்பா நீங்கதானே? அந்த வேலாயி அக்கா சொகமா? ரத்தம் குடுத்திட்டு மயக்கம் போட்டிட்டா மனுசி. தேத்தண்ணிய குடிங்கன்னா, 'எங்க பாப்பா பொழச்சிருச்சா'ன்னு அதையேதான் கேட்டுக்கிட்டு நின்டா."

"யாருக்கு ரத்தம் குடுத்தா?"

"ஒங்கட மகளுக்குத்தான். சொல்லல்லையா?"

தங்கராஜா சுவரைப் பிடித்தார். சுவர் போதவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப என் மகளுக்கும்... பொசிட்டிவா?"

"ஓ பொசிட்டிவ்தான். அதனாலதானே சேந்திச்சி."

"பேரப்பிள்ளை?"

"அதுவும் ஓ பொசிட்டிவ்."

தங்கராஜா அழுத அழுகையில் மேல்மாடி நோயாளிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். பாறூக் பயந்துபோய் அவரை அறைக்குள் இழுத்துப்போய் விசயத்தைக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு படியாக இறங்கிற்று. பேசாமல் அவர் விரலில் ஊசியைக் குத்தி, கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தான்.

"நீங்களும் ஓ பொசிட்டிவ்தான் கணக்கப்புள்ள. நானும் அதுதான். இந்த வராந்தாவில நிக்கிற பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு ஏதாவது ஒரு பொசிட்டிவ் இரிக்கும். இது ரத்தத்திட இனம். அந்த வியாதிக்குப் பாக்கிற சோதனை வேற." மேசை இழுப்பறையிலிருந்து தமிழில் அச்சடித்த ஒரு தாளை எடுத்தான். "இந்தாங்க, படிங்க. அந்த வியாதி உள்ள ஆளா இருந்தாலும், தண்ணியில தொட்டு என்ன வரப்போவுது?"

தங்கராஜா படித்தார். கோப்பை, பீங்கான், துவாய், பாய், தண்ணீர். எல்லாம் அதே வரிசை. விரலை வைத்துக்கொண்டு கடைசிச் சொல்லுக்கு வந்தார். பரவாது. அந்தச் சொல்லின் மேல் விரல் நின்றுவிட்டது. தகரப் பீலி, ஆற்றில் போன கொழுந்து, உடைந்த குடம், எல்லாம் அந்த 'ஆது'வுக்குள் இருந்தன.

மடுல்சீமை பஸ்ஸில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேரன் அவர் மடியில் தூங்கினான். சொல்லாமல் விட்டால் பெரிய கணக்கப்பிள்ளையாகவே சாகலாம். சொன்னால் ஐந்து துரைமாரின் இங்கிலீசும் கானில் போகும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு முடிவு எடுத்தார். அந்தப் பாதையில் வளைவு ஏராளம்.

விடிந்ததும் சொல்லிவிட்டார். நியாயமாகப் பார்த்தால் அவருக்கு அது பெரிய காரியம். பெரட்டுக் களத்தில் தாளை உயர்த்திப் பிடித்து, "நான் பிழையாச் சொல்லிட்டேன். பரவாது! தண்ணியில பரவாது, தொட்டாலும் பரவாது! வேலாயிக்கு எந்த வியாதியும் இல்ல, அது ரத்தத்தோட இனம்!" என்று கத்தினார். முகங்களில் அசைவில்லை. சாட்சி ஒன்று வேண்டும் என்று பட்டது. "அவ ரத்தத்தத்தான் என் மகளுக்கே ஏத்தியிருக்கு! அவ நல்லாத்தானே இருக்கா!"

வள்ளியம்மை கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"அப்புடியாங்க ஐயா? ஊரான் வீட்டுப் பொம்பளைன்னா பரவும். ஒங்க மகள்னதும் பரவாதா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்தா, நான் படிச்சுக் காட்டுறேன்..." என்று தங்கராஜா தாளை விரித்தார்.

"நீங்க படிச்சுக் காட்டுனதத்தான் போன தடவையும் கேட்டோம்" என்றாள் வள்ளியம்மை.

அவர் வேலாயியின் பெயரைக் கூப்பிட்டார். மூன்று தரம் கூப்பிட்டார். மலை திருப்பிச் சொல்லிற்று. அவள் வரவில்லை.

பத்து மணிக்கு முன்பே, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் பேரனை எடுக்க மாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். உச்சிவெயிலில் விசாலாட்சியின் குடம் பீலியில் உடைந்தது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே கான் பக்கம் இறங்கினாள். தங்கராஜாவும் பின்னாலேயே இறங்கினார்.

தகரப் பீலியில் வேலாயி இருந்தாள். ஒரு மாதத்தில் பாதி உடம்பு இல்லை. சட்டியோடு வந்தவளைப் பார்த்ததும் தன் குடத்தை எடுத்து ஓரம் வைத்தாள்.

"அக்கா..." என்றாள் விசாலாட்சி.

"வேலாயி, ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் தங்கராஜா. அந்தத் தொண்டையில் அவ்வளவு சின்னச் சத்தம் இருந்தது அவருக்கே தெரியாது. "காலையில கத்திச் சொன்னேன். ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க. நாலு மலைக்குக் கேட்டிருக்கும்." வேலாயி சட்டியைத் தகரத்துக்குக் கீழே நேராக வைத்தாள். "பாப்பாவுக்கு என் ரத்தம்னு அன்னைக்கே சொல்ல வந்தேன். பொசிட்டிவ்னீங்க. சரி, நமக்குத்தான் வந்திருச்சு, வெளிய சொன்னா இந்தப் புள்ளையையும் பச்ச மண்ணையும் சேத்துத் தள்ளிருவாங்கன்னு வாய மூடிக்கிட்டேன். கொடம் ஒடஞ்சப்பவும் மூடிக்கிட்டேன். நீங்களே சொல்லிப்புட்டீங்களே ஐயா."

தங்கராஜா குனிந்து தகரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? எனக்கு இல்லைங்கிறீங்க. மெய்யாலுமே இருந்திருந்தா, இந்தத் தகரம் சரிதானுங்களா?"

அவர் வாயைத் திறந்தார். எப்படி முடிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விழுந்தது. அது நிறைய இன்னும் நேரம் இருந்தது. அதற்குப் பிறகு வேலாயியின் குடம்.