ஏகாம்பரம் பிறந்த காட்சி

முல்லை நாடக மன்றத்தார் புது நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், உறையூரில் அந்தத் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து மதில் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். டிக்கெட் இல்லாத வேடிக்கை. பவுனம்மாள் போவதாக இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள்தான் வந்து, "உன் வீட்டுக்காரரு வேசம் கேக்க வந்து நிக்கிறாரு, நீ இங்க உக்காந்து கல்லு பொறுக்கிக்கிட்டு இருக்கியே" என்று முறத்தைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

பவுனம்மாளுக்கு அது புதுச் செய்தி. அழகிரி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொதுவாகவே அவர் சொல்லுகிறவர் இல்லை. சுருட்டுக் கம்பெனிக்குப் போவார், விரலெல்லாம் புகையிலைச் சாயத்தோடு திரும்புவார், சாப்பிடுவார், டீக்கடைக்குப் போவார், வந்து படுப்பார். இந்த மனுசர் ஒரு காலத்தில் வாயைத் திறந்தால் பாட்டாகத்தான் வரும் என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தக் காலம் ஏகாம்பரனாரின் காலம். நாடக மேடையில் பாடி, பிறகு சினிமாவுக்குப் போய், மாகாணத்தையே மயக்கி வைத்திருந்த ஏகாம்பரனார். மைக் இல்லாமலே அவர் குரல் கொட்டகைக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கும். அவரைப்போலத் தோள்வரைக்கும் முடி வளர்த்து, அவர் போட்ட மாதிரியே ஜிப்பா தைத்து, அவர் பூசிய அத்தரைப் பூசிக்கொண்டு திரிந்தவர்கள் திருச்சியில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அழகிரி அவர்களில் ஒருவர். ஏகாம்பரனார் செத்துச் சில வருசங்கள் ஆகியிருந்தன. கடைசியில் அவரைத் தூக்கிப் போனபோது பின்னால் போனவர்கள் ஒரு தெரு நீளத்துக்குக்கூட இல்லை என்றார்கள்.

அந்த ரசிகர்களைப் பற்றித்தான் புது நாடகம். 'ஏகாம்பர பக்தர்கள்' என்று பேர். எழுதியவர் அமிர்தசாமி வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், வந்து நாலைந்து வருசம்தான் ஆகியிருந்தது. வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பெண் வேசத்துக்கென்று பாலக்கரையிலிருந்து வரவழைத்திருந்த நடிகை லூர்துராணி, வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் ஜவுளிக்கடை மருதை வந்தார். அவர் பூசியிருந்த அத்தர் மதில் தாண்டி வந்ததில் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவருக்கு எதிர்க்கட்சி ரசிகன் வேசம் உடனே கிடைத்தது. அடுத்து மூக்கன் என்கிற இளைஞன் ஏகாம்பரனார் பாட்டு ஒன்றை எடுத்தான். நன்றாகவே பாடினான். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட அமைதியானார்கள்.

வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, நீங்க உண்மையிலேயே பாடுறீங்க. ஜனங்க சிரிக்கமாட்டாங்க. எனக்குப் பாடத் தெரிஞ்சவர் வேண்டாம். பாடத் தெரியும்னு நம்புறவர் வேணும்."

அடுத்தது அழகிரி. நரைத்த முடியைத் தண்ணீர் தொட்டுப் பின்னால் படிய வாரியிருந்தார். வாத்தியார் ஒரு தாளை நீட்டினார். "கதாநாயகன் பார்ட். பொஞ்சாதிக்குப் பிரசவ வலி. அன்னைக்குன்னு பாத்து கரூர்ல ஏகாம்பரனார் கச்சேரி. ராணி, அந்த வலிக் காட்சியை எடுங்கம்மா."

பவுனம்மாள் மதில்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

லூர்துராணி உட்கார்ந்தபடியே படித்தாள். "அய்யோ, இடுப்பு விட்டுப் போகுதே. மருத்துவச்சியைக் கூட்டியாங்களேன்."

அழகிரி தாளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "மருத்துவச்சி எங்கடி ஓடிடப் போறா? ஏகாம்பரனார் கரூருக்கு வருசத்துக்கு ஒரு தடவைதான் வர்றாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்க. மங்களம் பாடினதும் அடுத்த ரயில்ல ஓடியாந்துடுறேன்."

மதில் ஓரம் சிரிப்பு பொங்கியது. வெள்ளையம்மாள் பவுனம்மாளின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தது பிற்பாடு. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அழகிரி இதோ நிறுத்திவிடுவார் என்று பவுனம்மாள் காத்திருந்தாள். தாளை மடித்து வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, "இது வேண்டாம் சார்" என்று சொல்லிவிடுவார். நிறுத்தவில்லை. ரயிலில் ஓடி ஏறினார், கச்சேரியில் தலையை ஆட்டினார், தொடையில் தப்புத் தப்பாய்த் தாளம் போட்டார். விடிகாலையில் வீடு திரும்பிக் கதவைத் தட்டினார். லூர்துராணி பெஞ்சில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பிள்ளையாகப் பிடித்து நீட்டினாள். அழகிரி அதை வாங்கினார். தலை இருக்கவேண்டிய இடத்துக்கு முழங்கையைக் கொடுத்து, மற்ற கையால் அடியில் தாங்கி, யாரும் சொல்லித்தராமலே சரியாக வாங்கினார். "அழுகையைக் கேட்டியா புள்ள! என்ன சுருதி, என்ன சுருதி! ஏகாம்பரம்னே பேரு வச்சுடு!"

வாத்தியார் பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஆள் கிடைச்சாச்சு. மத்தவங்க வீட்டுக்குப் போகலாம்."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கையில் பவுனம்மாள் நழுவி வீட்டுக்கு வந்தாள்.

நிஜத்தில் அழகிரி அப்படியெல்லாம் பேசவில்லை. "மருத்துவச்சியைக் கூட்டிட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். வழியில் கோட்டை ஸ்டேஷனுக்குள் ஒரு கூட்டம் புகுந்துகொண்டிருந்தது. கரூர் போகிற கூட்டம். கூடவே போய்விட்டார். பவுனம்மாள் தனியாகவே கிடந்து, தனியாகவே பெற்றாள். சத்தம் கேட்டு யாரோ ஓடி மருத்துவச்சியைக் கூட்டிவந்தபோது தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்த பையன் நீலமாகிவிட்டிருந்தான். அழவே இல்லை. விடிவதற்குள் அண்டை வீட்டு ஆண்கள் எடுத்துப்போய்க் குடமுருட்டிக் கரையில் புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அழகிரி பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே முடியை வெட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பாடி அவள் கேட்டதில்லை. அவளும் ஏன் போனீர்கள் என்று ஒரு சொல் கேட்டதில்லை. வேறு பிள்ளையும் தங்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும் என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும்.

அழகிரி வீட்டுக்கு வந்து முற்றத்தில் கால் கழுவினார். முகத்தில் ஒரு களை இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"அந்தக் கதை வாத்தியாருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அழகிரி சொம்பைக் கீழே வைத்தார். "நீ வந்திருந்தியா?"

"எப்படித் தெரியும்?"

"டீக்கடையில எப்பவோ பேச்சுவாக்குல சொன்னேன்."

"என்னன்னு?"

"கரூருக்குப் போனதை."

"அப்புறம்?"

அவர் துண்டால் காலைத் துடைத்தார். துடைத்த காலையே திரும்பவும் துடைத்தார். "வந்து பாத்தா பையன் பொறந்திருந்தான்னு."

"பேரு வச்சோம்னும் சொன்னீங்களா?"

"ஆமா."

பவுனம்மாள் முற்றத்தில் இறங்கி வந்தாள். "இப்ப எங்க இருக்கானாம்?"

"பழைய ஆளுங்களுக்குத் தெரியும், அவங்க முன்னால சொல்லமாட்டேன். புதுசா வந்தவங்கதான் பிள்ளைங்க எத்தனைன்னு கேக்கறாங்க. முசிறியில மாமன் வீட்டுல இருந்து படிக்கிறான்னு சொல்லி வச்சிருக்கேன்." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "முதல்ல ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் அவங்களே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பதில் சொல்லணும்ல?"

தான் பேர் வைக்காமலே மண்ணுக்குக் கொடுத்த பிள்ளைக்கு டீக்கடையில் பேர் வைத்து, வளர்த்து, ஸ்கூலில் சேர்த்திருக்கிறார் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கோபம் வரும் என்று பார்த்தாள். வந்தது கோபம் மாதிரி இல்லை. என்னை மட்டும் ஏன் அந்தக் கதைப் பக்கம் விடவில்லை என்கிற மாதிரி ஏதோ ஒன்று.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அமிர்தசாமி வாத்தியாரைப் போய்ப் பார்த்தாள். மரத்தடியில் நின்றபடியே, சுற்றி வளைக்காமல், நடந்ததைச் சொன்னாள். வாத்தியாரின் கையிலிருந்த சாக்பீஸ் துண்டு நழுவி விழுந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. அவர் சொன்னப்ப நாங்க எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சார்."

"அந்த இடத்தை எடுத்துட முடியுமா சார்?"

"எடுத்துடறேன்." சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாடகமே அந்தக் காட்சியிலதான் நிக்குது. பரவாயில்லை. ஆனா ஏன் எடுத்தீங்கன்னு மன்றத்துல கேப்பாங்களேம்மா. கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

பவுனம்மாள் அதை யோசித்து வந்திருக்கவில்லை. காரணம் சொன்னால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். டீக்கடை பெஞ்சில் முசிறிப் பையனைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லாரும் அழகிரியை எப்படிப் பார்ப்பார்கள்? காட்சி இருந்தால் பிள்ளை சிரிப்புக்கு ஆளாகும். எடுத்தால் மறுபடியும் சாகும். ரெண்டில் எதைப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இருக்கட்டும் சார். அப்படியே விட்டுடுங்க."

"நிஜமாவா சொல்றீங்க?" என்று கேட்டபோது வாத்தியாரின் முகம் தெளிந்துவிட்டதை அவள் பார்த்தாள். நல்ல மனுசர்தான். ஆனாலும் தெளிந்துவிட்டது.

உறையூரில் நாடகம் நடந்த அன்று தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். குழாய் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. நாடகம் பிய்த்துக்கொண்டு போனது. ஸ்ரீரங்கத்தில் போடக் கூப்பிட்டார்கள். "ஒரு தடவை வந்து பாரேன்" என்று அழகிரி கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. போனாள்.

லூர்துராணி அன்றைக்கு ரொம்ப நன்றாக நடித்தாள். பக்கத்து அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடையில் அழகிரி துணிப்பிள்ளையை வாங்கினார். விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பவுனம்மாள் பார்த்தாள். அது நடிப்பு இல்லை. அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் அவர் இத்தனை நாளும் ஒத்திகைக்கு ஓடினார் என்று புரிந்தது. கரூரிலிருந்து திரும்பிக் கதவைத் தட்டுகிறார், பிள்ளை அழுகிறது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் பிள்ளையை நீட்டியது லூர்துராணி. அந்த வாசலுக்குள் பவுனம்மாளுக்கு இடம் இல்லை.

நாடகம் பேர் வாங்கியதுதான் வினையாக முடிந்தது. துவாக்குடியில் போட்ட பிறகு, பத்திரிகைக்காரர் ஒருவர் உறையூருக்கு வந்து, இது நிஜமாகவே நடந்த கதையாமே, அந்த ஏகாம்பரத்தைப் பார்க்க முடியுமா என்று டீக்கடையில் விசாரித்தார். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைச்சாமி என்கிற கிழவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. "எந்த ஏகாம்பரம்? அந்தப் புள்ளையைக் குடமுருட்டியில புதைச்சதே நாங்கதானே" என்றார்.

அழகிரி அப்போது அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. அடுத்த நாள் டீக்கடையில் அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சு நின்றுபோனது. உப்பிலியபுரத்துத் திருவிழாவில் நாடகம் போட்டபோது கரூர் காட்சியில் அழகிரிக்கு வசனம் வரவில்லை. பிள்ளையைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றார். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கூச்சல் போட்டார்கள், திரையை இழுத்துவிட்டார்கள். வாத்தியார் அந்த வேசத்தை மூக்கனுக்குக் கொடுத்தார். மூக்கன் நன்றாகப் பாடினான். வாத்தியார் சொன்னதுபோலவே ஜனங்கள் சிரிக்கவில்லை. மன்றமும் ரொம்ப நாள் நிற்கவில்லை.

அழகிரி பழையபடி கம்பெனிக்குப் போய்வந்தார். டீக்கடைக்கு மட்டும் போவதில்லை. சாயங்காலம் வந்து கூடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

ஒரு நாள் பவுனம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். புடவைக் கரையை நீவிக்கொண்டே கேட்டாள்.

"பையன் எந்த வகுப்பு படிக்கிறான்னு சொல்லியிருந்தீங்க?"

அழகிரி நிமிர்ந்து பார்த்தார்.

"சும்மாதான் கேக்கறேன். உங்களை மாதிரியா, என்னை மாதிரியா? பாடுவானா? எனக்கும் சொல்லுங்களேன்."

அவர் உதடு அசைந்தது. அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அப்படி யாரும் இல்ல பவுனு" என்றார் அழகிரி. காப்பியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.