சாரிடம் பேசிய மதர்போர்டு

"கடையில என்ன கேட்டு வாங்கினே? அப்படியே சொல்லு."

"நல்ல போர்டா குடுங்கன்னு கேட்டேன்க்கா."

"நல்லதுன்னா?"

"படம் கண்ணாடி மாதிரி தெரியும்னார்."

"யாருக்குடா?"

தம்பிக்காரன் தலையைச் சொறிந்தான். அக்காக்காரிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவனுக்கு அது புதுச் சேதியும் இல்லை.

பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போன வாரம் உயிரை விட்டது. அதே மாதிரி ஒன்று வாங்கிவர அவனைத்தான் அனுப்பினாள். சும்மா அனுப்பவில்லை, படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்: "சத்தம் போர்டிலேயே இருக்கணும். நெட்டும் போர்டிலேயே இருக்கணும். ரெண்டும் லினக்ஸுக்குப் பழகினதா இருக்கணும். படத்துக்குப் பழைய வாய் ஒண்ணு இருந்தாப் போதும். புதுசு எதுவும் வேண்டாம்." தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனவன் கொண்டுவந்தது வேறு. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது. அதோடு சரி. இரண்டு நாளாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வராத குரலுக்காகக் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசி அனுப்புகிற நோயாளி விவரங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். விண்டோஸுக்குப் பதிலாக அவள் வைத்திருக்கும் லினக்ஸ், பென் டிரைவைச் செருகிய நிமிஷத்திலிருந்து எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்காட்டும். யார் கண்ணும் தேவையில்லை. தேவைப்படவும் கூடாது. ஒரு நோயாளியின் சமாசாரம் அவளைத் தவிர இன்னொருவர் கண்ணில் பட்டால் வேலை போச்சு என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை காலைக்குள் பாக்கித் தட்டச்சு வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். இன்று சனிக்கிழமை.

"நான் வேணா திரையைப் பார்த்துப் படிச்சுச் சொல்றேன்க்கா."

"நீ படிச்சா அப்புறம் எனக்கு எங்கேடா வேலை? அதைக் கழட்டிப் பெட்டியில போடு. நானே வரேன் கடைக்கு."

ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது கடை. சூடான ஈயத்தின் வாடை, அட்டைப்பெட்டிகளின் வாடை. கால் வைக்கிற இடமெல்லாம் ஒயர்.

"வாங்க சார்!" என்றார் கடைக்காரர். "அடடே, அவங்களையும் அலைய வெச்சுட்டீங்களா? நாற்காலியில உக்காரச் சொல்லுங்க. அவங்களுக்கு என்னவாம்?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் அக்காக்காரி. "உங்க போர்டுக்குத்தான். ஊமை."

"சார், லினக்ஸ்னா அப்படித்தான் சார். முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா..."

"நான் இங்கே இருக்கேன்."

"தெரியுது மேடம். சார், பெட்டியைக் குடுங்க, மேஜையில போட்டுப் பாத்துடலாம்."

போர்டை மேஜையில் வைத்து, கடையின் பெரிய மானிட்டரை அதில் மாட்டினார். அக்காக்காரி பென் டிரைவைத் தன் கையாலேயே செருகினாள். போர்டின் விளிம்பைத் தடவி, வரிசையாக இருந்த மூன்று சின்ன ஓட்டைகளில் நடுவில் இருந்ததில் ஹெட்போனைக் குத்தினாள். காத்திருந்தாள். காதில் ஒன்றும் இல்லை.

"சார், லினக்ஸ் வந்துடுச்சு பாருங்க! என்னா கலரு!" என்றார் கடைக்காரர்.

"ஷ்!" என்றாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். சளி பிடித்தவர் மூச்சு விடாமல் கணக்கு ஒப்பிப்பது போன்ற அந்தக் குரல் அவளுக்கு எங்கே கேட்டாலும் தெரியும். அது சுவர்ப் பக்கமிருந்து, மானிட்டருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார், பேசுது!" கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "போர்டு மேல தப்பே இல்ல. படம் போற எச்.டி.எம்.ஐ. ஒயர்லயே சத்தமும் போகும் சார். இந்த மானிட்டர்ல ஸ்பீக்கர் இருக்கு, உங்க வீட்டுல இருக்கிறதுல இல்ல போல."

"அப்போ ரெண்டு நாளா இது பேசிக்கிட்டேதான் இருந்திருக்கு," என்றாள் அக்காக்காரி. "வாயில்லாத மானிட்டர்கிட்ட. பக்கத்துல காதை வெச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கேன்." கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட வாங்கினது உங்களை மாதிரியே இருக்கு. கேக்குறது நானு, பதில் சாருக்கு."

தம்பிக்காரன் இருமினான்.

"நீ இருமாதே. வீட்டுல மானிட்டர் எதுக்குடா மாட்டினே?"

"இல்லக்கா... மேட்ச் பாக்கலாம்னு..."

"மேட்ச்!" அவள் குரலில் மேஜை மேல் இருந்த திருகாணிகள்கூட அதிர்ந்திருக்கும். "என் சோத்துல மண்ணைப் போட்டு நீ மேட்ச் பாக்கணும்! அதைப் பிடுங்குங்க முதல்ல."

மானிட்டரின் ஒயரைப் பிடுங்கி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஹெட்போனில் அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஒயர் இல்லாவிட்டாலும் போர்டுக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம்.

"இதுக்கு ஏன் சார் இவ்வளவு கோபம்? செட்டப்புல போய் அந்தச் சத்தத்தை அணைச்சுட்டா முடிஞ்சுது. ஒரு நிமிஷ வேலை."

"அந்த செட்டப் பேசுமா?"

"அது எப்படி மேடம் பேசும்? லினக்ஸ் வர்றதுக்கு முன்னாடியே வர்ற பக்கம் அது. கண்ணால..." பாதியில் நிறுத்தினார்.

"சொல்லுங்க. கண்ணாலதான் பாக்கணும். போர்டுல இருக்கிற பேட்டரி தீர்ந்தா?"

"பழையபடி மாறிடும்."

"அன்னிக்கு யாரு அணைப்பா?"

"அதான் சார் இருக்காரே!"

"சார் இருந்த லட்சணத்தைத்தான் ரெண்டு நாளாப் பாத்தேனே. ஒவ்வொரு தடவையும் ஒருத்தரைக் கெஞ்சிக் கூப்பிட்டு, என் வேலைக்கு முன்னாடி அவரை உக்காத்தி வெக்க முடியாது. எனக்கு இது வேண்டாம். எச்.டி.எம்.ஐ. இல்லாதது எடுங்க."

"சார், அதெல்லாம் பழைய சரக்கு சார்..."

"சாருக்கு இல்ல!"

கடைக்காரர் ஏணியில் ஏறினார். தூசி தட்டும் சத்தம் கேட்டது. கையில் வந்த போர்டை அவள் ஓரம் ஓரமாகத் தடவினாள். மூன்று வரிசையில் ஐந்தைந்து ஓட்டை: படத்துக்கான பழைய வாய். பக்கத்தில் நெட்டு வாய். சத்தத்துக்கு மூன்று ஓட்டை. தட்டையான அந்த எச்.டி.எம்.ஐ. வாய் இல்லவே இல்லை.

"பிராசசரை இதுல மாத்துங்க. மானிட்டர் மாட்டாதீங்க."

"திரை இல்லாம ஓடுதா இல்லையான்னு எப்படி மேடம் பாக்குறது?"

"நான் பாத்துச் சொல்றேன்."

விசிறி சுற்றியது. அக்காக்காரியின் கை கீபோர்டில் ஏறியது. தட்டினாள், நிறுத்தினாள், தட்டினாள். நெட்டு ஒயரைக் கேட்டு வாங்கிச் செருகினாள். மறுபடி தட்டினாள்.

"சார், வந்துடுச்சா?" என்றார் கடைக்காரர் ரகசியமாக.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றான் தம்பிக்காரன். "ஒண்ணும் தெரியல, ஒண்ணும் கேக்கல."

அவளுக்கு இரண்டும் கேட்டது. சளிக் குரலும் கேட்டது, இவர்கள் குசுகுசுப்பும் கேட்டது. ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்து, பாக்கி எத்தனை என்று அந்தக் குரல் சொல்லும்வரை கேட்டாள். பதினெட்டு. அப்புறமும் ஹெட்போனைக் கழற்றவில்லை. இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் இரண்டு பேரும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில், "இதைக் கட்டுங்க," என்றாள்.

"சார், பில்லு யாரு பேர்ல..." என்று ஆரம்பித்த கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "பில்லு உங்க பேர்ல போடட்டுமா மேடம்?"

"இப்பத்தான் உங்களுக்கும் ஹெட்போன்ல சத்தம் வருது," என்றாள். சிரிக்கவில்லை.

தெருவில் பெட்டியை அவளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். தம்பிக்காரன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். கிடைக்கவில்லை. நாலு கடை தாண்டியதும் மெல்லக் கேட்டான்.

"அப்போ மேட்ச்சுக்கா?"

"ரேடியோல சொல்லுவாங்க. கேட்டுக்கோ."