மிசுவோவுக்குக் குரல் கொடுத்தவள்

ஆர்த்திகா மூன்று வருடத்தில் நாற்பத்தொரு தடவை தோற்றிருக்கிறாள். அத்தனையும் மதுரைக் காளவாசலில், டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், கதவைச் சாத்தினால் பஸ் ஹாரன்கூட உள்ளே வராத ஓர் அறையில் நடந்தது.

பதற வேண்டாம். தோற்றது அவளில்லை, மிசுவோ. மிசுவோ ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரில் வரும் பெண். தொடர் முழுக்க ஷோகி ஆட்டம்தான். நம்மூர் செஸ் மாதிரி ஜப்பான்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கட்ட விளையாட்டு அது. கதாநாயகன் தைகி பெரிய பெரிய போட்டிகளில் ஜெயிக்கிறவன். மிசுவோ சாயங்காலங்களில் அவனுக்குப் பயிற்சி கொடுக்க எதிரே உட்காருகிறவள். அவளுக்கென்று போட்டியும் கிடையாது, கோப்பையும் கிடையாது. எபிசோடுக்கு மூன்று நிமிடம் வருவாள், ஆடுவாள், தோற்பாள். தோற்றவர் தலையைக் குனிந்து தன் வாயாலேயே அதைச் சொன்னால்தான் ஷோகியில் ஆட்டம் முடியும். அதனால் மிசுவோ "தோத்துட்டேன்" என்பாள். அந்தச் சொல்லைத் தமிழில் சொல்வது ஆர்த்திகாவின் வேலை.

மற்ற நாட்களில் ஜவுளிக்கடை விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டு விழா அறிவிப்பு என்று குரல் கொடுத்துக் காலம் ஓடியது. கார்ட்டூன் வேலையைக் கொடுத்த சென்னைக் கம்பெனி முதல் நாளே கண்டிஷன் போட்டுவிட்டது. மதுரை வாடை துளியும் அடிக்கக் கூடாதாம். எழுமலையில் பிறந்து முப்பத்தொரு வருடம் 'எம்புட்டு' என்றே அளந்தவள், மைக் முன்னால் மட்டும் 'எவ்வளவு' என்று அளந்தாள்.

இனி அந்த அறைக்குள் வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். கதையின் வில்லங்கமே அதில்தான் இருக்கிறது. டப்பிங் என்றால் நாலு பேர் ஒன்றாக நின்று பேசுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனி ஊரில், தனித்தனி நாளில், தனியாக நின்று பேசுகிறார்கள். தைகிக்குப் பேசும் சூர்யபிரகாஷ் சென்னையில் முதலில் பேசி முடிப்பான். அவன் குரல் ஏறிய படம் மதுரைக்கு வரும். ஸ்டுடியோ வைத்திருக்கும் சித்தார்த் அதை ஹெட்போனில் ஓடவிடுவான். சூர்யபிரகாஷின் குரலைக் கேட்டுக்கொண்டே ஆர்த்திகா மிசுவோவைப் பேச வேண்டும்.

தைகி கேட்பான், மிசுவோ சொல்வாள். "இன்னைக்கு ஏன் லேட்டு?" என்பான். "சாப்பிட்டியா?" என்பான். ஆர்த்திகாவை அப்படிக் கேட்க மதுரையில் வேறு ஆளில்லை. காளவாசலில் ஒற்றை அறை வாடகை வீடு. பக்கத்து வீட்டுக்காரர்களோடு தண்ணீர் மோட்டார் விஷயம் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. சில வாரங்களில் காய்கறிக்காரரையும் சித்தார்த்தையும் தவிர யாரிடமும் வாய் திறக்காமலே சனிக்கிழமை வந்துவிடும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஹெட்போனுக்குள் வந்த அந்தக் குரல் அவளுக்கு இனிக்கத் தொடங்கியது.

ஏழாவது எபிசோடில்தான் அது நடந்தது. அவள் "தோத்துட்டேன்" என்றாள். மறுமுனையில் சின்னதாய் ஒரு நிறுத்தம், பாதி மூச்சு, பிறகு "நல்லாத்தான் ஆடின" என்றது குரல். நாம் சொன்னதை மனசுக்குள் வாங்கிக்கொண்டு பேசுகிறவன்தான் அப்படி நிறுத்துவான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது வளர்ந்து முடிவாகிவிட்டது.

இதே தொழிலில் இருப்பவள்தானே, அந்த நிறுத்தம் படத்திலுள்ள பொம்மையின் வாயசைவு போட்ட கணக்கு என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே தெரியும். ஆசைக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் எந்த மூலைக்கு?

இந்த நிறுத்தத்தை நம்பி அவள் மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாமென்று சொன்னாள். உசிலம்பட்டி வாத்தியார், தேனி பேங்க்காரர், அப்பா சிவபாண்டிக்கு ரொம்பப் பிடித்துப்போன உரக்கடைக்காரர். ஏன் வேண்டாம் என்று அம்மா செல்லக்கிளி ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கண்ணால் பார்க்காதவனை எந்தப் பெயரில் அம்மாவிடம் சொல்வது?

தொடர் முடிகிற நாள் வந்தது. கடைசி எபிசோடில் தைகி ஊரைவிட்டுப் போகிறான். ஒரு வியாழக்கிழமை சூர்யபிரகாஷ் பேசியது வந்து சேர்ந்ததும் சித்தார்த் அவளுக்குப் போட்டுக் காட்டினான். "நீ எதிர்ல உக்காரலேன்னா நான் இந்த ஆட்டத்தை எப்பவோ விட்டிருப்பேன்" என்றது குரல். எழுதிக் கொடுத்த வசனம் அவ்வளவு ஈரமாக வருமா? ஆர்த்திகா ஹெட்போனைக் கழற்றாமல் இன்னொரு தடவை கேட்டாள்.

"அக்கா, சூர்யா அண்ணனுக்குச் சொந்த ஊரு நம்ம கொட்டாம்பட்டிதான், தெரியுமா?" என்றான் சித்தார்த். "ஞாயித்துக்கிழம அவங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து. அண்ணே எல்லாரையும் வரச் சொன்னாரு. வாரீங்களா?"

"வாரேன்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறும்போது அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். அவனை எப்படிக் கூப்பிடுவது? மதுரைச் சீமையில் பழக்கமில்லாத ஆம்பளை எல்லோரும் அண்ணே. கண்டக்டர் அண்ணே, டீக்கடை அண்ணே. மூன்று வருடமாக அந்தச் சொல் இவன்மேல் பட்டுவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். சித்தார்த்திடம்கூட 'அவரு' என்றுதான் சொல்வாள். இன்றைக்கும் எதுவும் சொல்லாமலே பேசிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். தன் குரலைக் கேட்டதும் அவனுக்கே தெரிந்துவிடும், மற்றது தானாக நடக்கும் என்று நம்பினாள்.

பந்தலுக்குள் நுழைந்தபோது சூர்யபிரகாஷ் தாய்மாமன் கோலத்தில், மாலையும் தலைப்பாகையுமாக, அலறுகிற பிள்ளையை மடியில் வைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்றான். அதே குரல். இந்த இடத்தில் ஒரு பொண்டாட்டி வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாறுவார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தால் விதியே என்று மனசைத் தேற்றிக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும்.

சடங்கு முடிந்து அவன் வெளியே வந்தபோது பக்கத்தில் போய், "வணக்கம்" என்றாள். மைக் முன்னால் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்க, வாங்க. நீங்க…"

"ஆர்த்திகா. மிசுவோவுக்குப் பேசுறேன்."

"மிசுவோ…" அவன் நெற்றியைச் சுருக்கினான். "ஓ, கூட உக்காந்து வெளையாடுமே, அந்தப் பொண்ணா? அட! அது மதுரையிலயா பண்றாங்க?"

"நீங்க கேட்டதே இல்லையா?"

"எங்கிட்டு? நான் பேசுறப்ப எனக்கு ஜப்பான்காரி குரல்தான ஓடும். அப்புறம் படம் வந்தா நான் பாக்குறதே இல்ல. நம்ம கொரல நாமளே கேக்க ஒரு மாதிரி இருக்கும்ல?" சிரித்தான். நல்ல சிரிப்பு. கள்ளமே இல்லை. "எம்புட்டு நாளாப் பண்றீங்க?"

"மூணு வருசமா."

"எங்கூடவா?" என்றான் நிஜமான ஆச்சரியத்தோடு.

"ஆமாண்ணே."

பொத்தி வைத்திருந்த சொல் அதுவாகவே வெளியே வந்து விழுந்தது. அவன் அதைச் சாதாரணமாக வாங்கிக்கொண்டான். வேறு எப்படி வாங்குவான்?

"ரொம்பச் சந்தோசம். சாப்பிடாமப் போயிறாத தங்கச்சி. கறிச்சோறு சூடா இருக்கு, மொதப் பந்தியிலயே உக்காந்துக்க" என்று சொல்லிவிட்டு யாரோ கூப்பிட்ட பக்கம் போனான்.

அவள் சாப்பிட்டாள். சாப்பிடாமல் போனால் ஏன் என்று கேட்பார்களே. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பாட்டி, "நீ காதுகுத்து வீட்டுக்கு என்ன வேணும் ஆத்தா?" என்று விசாரித்தபோது, "ஒண்ணும் வேணாம்" என்று எதையோ சொல்லிவைத்தாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஸ்டுடியோவுக்குப் போனாள். சித்தார்த் படத்தை ஓடவிட்டான். "நீ எதிர்ல உக்காரலேன்னா…" என்றது குரல். வியாழக்கிழமை இருந்த ஈரம் இன்றும் அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எதிரே யாரும் இல்லாமலே ஒரு மனுசனால் இப்படிப் பேச முடிகிறது. அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே அளவுதான் வந்திருக்கும்.

"சித்தார்த், அவரு ட்ராக்க எடுத்துரு."

"அப்ப ஜப்பான் ட்ராக்கப் போடவாக்கா?"

"ஒண்ணும் வேணாம். படம் மட்டும் ஓடட்டும்."

ஹெட்போன் செத்துப்போன மாதிரி ஆனது. திரையில் தைகி சத்தமில்லாமல் வாயசைத்தான். மிசுவோ தலை குனிந்தாள். ஆர்த்திகா பேசினாள். ஒரே டேக்கில் முடிந்தது. சித்தார்த் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, மூணு வருசத்துல நீங்க பேசினதுலயே இதுதான்க்கா டாப்பு" என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. இவளாலும் யாரும் இல்லாமல் பேச முடிந்துவிட்டது.

படியிறங்கி ரோட்டுக்கு வந்தபோது வெயில் தாழவில்லை. சிக்னலில் பஸ்களும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நின்றன. அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏன்டி, அந்த உரக்கடைக்காரரு வீட்ல திரும்பக் கேட்டு விட்ருக்காங்க. அவகளுக்கு இன்னும் எடம் அமையலயாம். வழக்கம்போல வேணாம்னுதான சொல்லப் போற?"

"வேணாம்னு சொல்ல ஒரு காரணம் இருந்துச்சும்மா. இப்ப இல்ல." நடுரோட்டில், டயர் கடை வாசலில் நின்று அழுதாள்.

செல்லக்கிளிக்குப் பகீர் என்றது. "என்னடி? எவனும் பழகிட்டு ஏமாத்திப்புட்டானா? எவன்னு சொல்லு, அப்பாவ அனுப்புறேன்."

"இல்லம்மா. யாரும் ஏமாத்தல."

"அப்புறம் எதுக்குடி இம்புட்டு அழுக?"

ஏமாற்றுவதற்காவது ஒருவனுக்கு அவளைத் தெரிந்திருக்க வேண்டுமே.