கழற்றியவன்தான் மாட்ட வேண்டும்

தை மாதப் பனியில் ஊறிக் கிடந்த ஸ்பானரைத் தொட்டதும் உத்திராபதியின் விரல்கள் மரத்துப்போயின. கிழக்கு இன்னும் சரியாக வெளுக்கவில்லை. திருவாரூர்ப் பட்டறையின் பின்சுவரை ஒட்டி, மிராசுதாரின் பழைய சீமைக் கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"ஒன்பது மணிக்குள்ள கார் ஆலங்கரையில நிக்கணும்" என்று பட்டறை முதலாளி இராஜாங்கம் நேற்றே சொல்லியிருந்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. ஆலங்கரையில் அந்த மிராசுதாரின் வயலில் சம்பாக் கதிர் முற்றித் தலைசாய்ந்து பத்து நாளாகிறது. அறுக்கும் கலத்துக்கு அரைப் படி நெல் கூலி கூடுதலாகக் கேட்டு அறுப்பு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். வெளியாட்கள் வயலில் இறங்கிவிடாதபடி வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் உத்திராபதியின் அக்கா சுந்தரியும் ஒருத்தி.

எதிர் டீக்கடையில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லாம் முன்பின் பார்க்காத முகங்கள்.

அவர்களைப் பார்க்காமல் இருப்பதற்காக உத்திராபதி வேலையில் தலையைக் குனிந்துகொண்டான். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் அமுங்கி நிற்கும் நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தி விழுந்தால், மேலே ஏறிவரும் பிஸ்டனைத் தீ எதிர்த்து அடிக்கும். பிந்தினால் வண்டி இழுக்காது. நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பொறியைப் பங்கிடுவதுதான் டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. வாய்க்கால் மடையில் நின்று வயலுக்கு வயல் தண்ணீர் திறப்பவனைப் போல. உள்ளே சுழலும் ரோட்டார் எந்தக் கம்பியைப் பார்க்கிறதோ, அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகும். அதனால் கழற்றும்போது ரோட்டார் எந்தப் பக்கம் பார்த்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்வான். இஞ்சின் அசையாத வரை அந்தக் கோட்டை நம்பலாம்.

பெஞ்சில் வைத்து, பொறியை எழுப்பும் பாயின்ட்டைத் தேய்த்து, இடைவெளி பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பியவன் அப்படியே நின்றான். இஞ்சின் விசிறியின் இதழ்கள் இருந்த இடம் மாறியிருந்தது. சுவரை ஒட்டி நின்ற கார் நாலடி முன்னால் வந்திருந்தது. பின்பக்கம் டிக்கி திறந்திருக்க, பூண் போட்ட மூங்கில் கழிகளை அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு வண்டியத் தள்ளுனது? கியர்ல கிடந்துச்சே!"

"செவுத்துல இடிச்சு டிக்கி தொறக்கல, தள்ளுனோம். வண்டி என்ன கரைஞ்சா போச்சு?" என்று ஒருவன் சிரித்தான்.

இராஜாங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "இன்னும் என்னடா?"

"கியர்ல வச்சுத் தள்ளுனதுல இஞ்சின் சுத்திடுச்சு முதலாளி. இனிமே அந்தக் கோடு உதவாது. முதல் பிளக்கைக் கழட்டி, ஓட்டையில கட்டைவிரல வச்சு, காத்து தள்ளுதான்னு பாக்கணும். அப்புறந்தான் இறக்கணும். அரை மணி நேரம் குடுங்க."

"கோடு போட்டியா, இல்லியா?"

"போட்டேன். ஆனா..."

"என்னடா ஆனா ஆவன்னா? தள்ளு."

அவரே டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்கி, கோட்டுக்கு நேராக இறக்கி, போல்ட்டை முடுக்கினார். "துரைக்கண்ணு, ஹேண்டிலப் போடு."

இருபது வருஷமாக அந்தப் பட்டறையில் இருக்கும் துரைக்கண்ணு, உத்திராபதியின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, வேணாம்ணே" என்றான் உத்திராபதி.

"போடுய்யா!"

துரைக்கண்ணு காரின் முன்னால் குனிந்து, இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை மாட்டினார். கட்டைவிரலை மடக்காமல், பழகிய கையாகத்தான் பிடித்தார். ஒரு சுற்று. இரண்டாவதில் இஞ்சின் 'டமார்' என்று எதிர்த்து உதைத்தது. பின்பக்கமாகச் சுழன்ற இரும்பு ஹேண்டில் அவருடைய மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். அவர் தொங்கும் கையை மார்போடு அணைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"பிடிக்கத் தெரியாமப் பிடிச்சா இப்படித்தான்" என்றார் இராஜாங்கம். "ஓரமா உக்கார வைங்க. காரு கிளம்பட்டும், அப்புறம் ஆசுபத்திரி. டேய், நீ சொன்ன மாதிரியே மாட்டு. சீக்கிரம்."

உத்திராபதி டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே உருவினான். ரோட்டாரை அரைச் சுற்று மாற்றி வைத்தால் போதும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், கார் கிளம்பாது. யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் மறுபடியும் ஒருவனை ஹேண்டில் போடச் சொல்வார்கள். அது பட்டறையின் இன்னொரு மெக்கானிக்கான ரெத்தினத்தின் கையாக இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பெஞ்சில் வைத்தான்.

"மாட்ட மாட்டேன்."

"என்னது?"

"இந்தக் காரு போனா எட்டுப் பேரு கழியோட வரப்புல இறங்குவாங்க. அங்க என் அக்கா உக்காந்திருக்கு."

"ஓகோ! மெட்ராஸ்ல ஆட்சி மாறினா இங்க வரப்பும் மாறிடும்னு நெனப்பா? ரெத்தினம், நீ வந்து மாட்டு."

முதலாளிக்கு எதிரே வாய் திறந்தறியாத ரெத்தினம், கழிவுப் பஞ்சில் கையை மெதுவாகத் துடைத்தான்.

"கழட்டினவன்தான் மாட்டணும். நீங்க வச்ச சட்டம் முதலாளி. அடுத்தவன் கழட்டினதத் தொட்டேன்னு என்னை ஒரு வாரம் வெளியில நிறுத்துனீங்க."

"சட்டம் வச்சவனே சொல்றேன், மாட்டு!"

"சரிங்க. துரைக்கண்ணு அண்ணன் கைய யாரு மாட்டுறது?"

பக்கத்து டிங்கர் பட்டறையில் தகடு தட்டும் ஓசை நின்றது. அடுத்த லேத்துப் பட்டறையின் பெல்ட்டும் ஓய்ந்தது. வாசல்களில் எண்ணெய்க் கைகளோடு ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் கேட்காமலே ரிக்ஷாவைக் கூட்டிவந்தார். ரெத்தினம் துரைக்கண்ணுவைத் தாங்கி ஏற்றினான்.

"போறவன் எவனும் திரும்பி வரவேணாம்!" என்று கத்தினார் இராஜாங்கம்.

எட்டுப் பேரில் மூத்தவன் பீடியை மிதித்து அணைத்தான். "காரு இல்லாட்டி என்ன? காலு இருக்கு." டிக்கியிலிருந்து கழிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே நடக்கத் தொடங்கினார்கள்.

ஆலங்கரை ஆறு மைல். நடந்தால் இரண்டு மணி நேரம். சைக்கிளில் முக்கால் மணி.

உத்திராபதி சைக்கிளை எடுத்தான். அந்த எட்டுப் பேரைத் தாண்டும்போது ஒரு கழி நீண்டு அவன் பின்சக்கரத்தை உரசியது. விழாமல் சமாளித்து மிதித்தான். பாலத்தைக் கடந்ததும் தூரத்தில், முற்றிய கதிர்களுக்கு அப்பால், போலீஸ் லாரி ஒன்று ஆலங்கரைப் பக்கம் திரும்புவது தெரிந்தது. இன்னும் வேகமாக மிதித்தான். அங்கே போய் என்ன செய்வான்? அக்காவின் பக்கத்தில் உட்காருவான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. லேத்துக்காரன். அவன் பின்னால் கேரியரில் ஒருவர், சுத்தியலைக்கூடக் கீழே வைக்காமல் வந்த டிங்கர். அவர்களுக்கும் பின்னால் இன்னும் மணிகள்.

"மெதுவாப் போப்பா" என்றான் லேத்துக்காரன் மூச்சிரைக்க. "எல்லாருமாப் போய்ச் சேருவோம்."

உத்திராபதி மிதிப்பதைச் சற்றே தளர்த்தி, அவர்களுக்குப் பக்கத்தில் இடம் விட்டான்.