யெர்கோவின் ஏப்பம்

சாப்பாட்டு மேசையில் ஏப்பம் விடாதே, விடாதே என்று முப்பது வருஷமாகப் புருஷனைத் திட்டித் தீர்த்தவள் ஈவ்கா. இப்போது அதே மேசையில் சோடா புட்டியை அவன் முன்னால் வைத்து, ஒரே ஒரு ஏப்பம் விடேன் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. எல்லாம் தலையெழுத்து.

"குடி யெர்கோ. ஒரு வாய். ஸ்ப்ளிட்ல அந்தப் பொண்ணு சொன்னா இல்ல?"

யெர்கோ சோடாவைப் பார்த்தான். ஜன்னல் வழியே படகுத் துறையைப் பார்த்தான். பிறகு மடியில் கிடந்த சிலேட்டுப் பலகையை எடுத்து எழுதிக் காட்டினான்: 'நான் பன்றி இல்லை.'

தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்தாகிவிட்டது. மூச்சு இப்போது கழுத்தில் போட்ட துளை வழியே போய்வந்தது. வாய்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்ப்ளிட் நகரத்து ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் திஹானா என்ற பெண் படம் வரைந்தே காட்டியிருந்தாள்.

"நாக்கு, உதடு, பல்லு எல்லாம் பத்திரமா இருக்கு மாமா. காத்துதான் இல்ல. அதைக் கொஞ்சம் உணவுக்குழாய்க்குள்ள இறக்கி, ஏப்பம் மாதிரி மேல விடுங்க. அங்க இருக்கிற தசை அதிரும். இனிமே அதுதான் உங்க குரல்."

ஈவ்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முதல்ல என் பேரைச் சொல்ல வைம்மா."

"அது இப்ப வராதே. 'ஈ' சொல்லும்போது வாய் திறந்தே இருக்கும், காத்தைத் தள்ள ஒண்ணும் இல்ல. க, த, ப-ல ஆரம்பிக்கிற வார்த்தையாப் பிடிங்க. வாய் அடைச்சுத் திறக்கிற அழுத்தமே காத்தை உள்ள தள்ளிடும். பின்னாடி வர்றதெல்லாம் அந்தக் காத்துலயே ஏறி வந்துடும்."

உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று, தீவுக்குத் திரும்பும் கப்பலில் வழியெல்லாம் ஈவ்கா செத்துப்போன தன் அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. யெர்கோ ஒரு ஏப்பம் விட்டானா? மூச்! கடைக்காரனிடம் பலகை, பாதிரியாரிடம் பலகை. ஜெர்மனியிலிருந்து மகள் போன் செய்தால் போனிடமும் பலகையை நீட்டினான். இவனை என்ன செய்வது? பலகை பழகிவிட்டால் குரலே வேண்டாம் என்று ஆகிவிடும் என திஹானா போன தடவை எச்சரித்திருந்தாள். வேலை ஏதாவது ஆக வேண்டுமென்றால் அவன் இப்போது மேசையைத் தட்டினான். தட்டினால் ஓடிவர அவள் என்ன நாயா? அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. நினைத்தால் அழுகை வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கோபமும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை அவளே போய், யெர்கோவோடு காலமெல்லாம் சீட்டாடிய பேப்போவை இழுத்துவந்தாள். பேப்போ தன் மச்சான் ஸானேயையும் கூட்டிவந்தான். ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். ஈவ்கா கையைத் துடைத்துக்கொண்டு புருஷனுக்குக் கூட்டாளியாக எதிரே உட்கார்ந்தாள். உட்காரும்போதே பலகையைப் பிடுங்கித் தன் அடியில் போட்டுக்கொண்டாள்.

"ட்ரெஷேட்டாவுக்குப் பேச்சே வேணாம் யெர்கோ. உனக்குத் தோதான ஆட்டம்டா," என்றான் ஸானே.

முட்டாள். இந்த ஊரில் ஆட்டத்துக்காகவா சீட்டாடுகிறார்கள்? ஒவ்வொரு கை முடிந்ததும் கூட்டாளியைக் கிழிகிழியென்று கிழிப்பதற்காகத்தான்.

பேப்போ வாள் சாதியில் மூன்றை இறக்கினான். இந்த ஆட்டத்தில் மூன்றுதான் பெரிய சீட்டு, ஆஸ்கூட அதற்குக் கீழேதான். ஈவ்காவின் கையில் வாளில் ஏழும் இருந்தது, ஆஸும் இருந்தது. பச்சைக் குழந்தைகூட ஏழைப் போட்டுவிட்டு ஆஸைக் காப்பாற்றும். அடுப்பில் மீன் குழம்பு அடிப்பிடிக்கிறதோ என்ற நினைப்பில் அவள் ஆஸைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா தாயே, நீ நல்லா இருக்கணும்," என்று பேப்போ அதை வாரிக்கொண்டான்.

யெர்கோவின் முகம் சிவந்தது. கழுத்துத் துளை புஸ்புஸ் என்றது. பலகைக்காக மேசை மேல் துழாவினான், நாற்காலிக்கு அடியில் துழாவினான். கிடைக்கவில்லை. வாயை இறுக மூடித் திறந்தான்.

"கழுதை."

தகர டப்பாவுக்குள் கல்லை உருட்டியது போல இருந்தது அந்தச் சத்தம். ஸானே கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பேப்போ சீட்டுகளை மேசையில் வைத்துவிட்டான். யெர்கோவே மிரண்டுபோய்க் கழுத்தைத் தொட்டுக்கொண்டான்.

ஈவ்கா சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"யாரைச் சொன்ன?"

அவன் உதடுகள் 'ஈ' என்று அகன்றன. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அகன்றன. வெறும் வாய்.

"உன்னைத்தான் கேக்குறேன். யாரைச் சொன்ன?"

யெர்கோ வாயை மூடினான். அவளை முறைத்துப் பார்த்தான். பிறகு பலம் கொண்ட மட்டும், "கழுதை ஈவ்கா," என்றான்.

பெயர் கழுதை மேல் ஏறித்தான் வந்தது. வந்ததே, அது போதும். ஈவ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறீங்க? போடு பேப்போ," என்றாள். எந்தச் சீட்டைப் போட்டால் புருஷனுக்கு இன்னும் வயிறு எரியும் என்று தன் கையில் தேட ஆரம்பித்தாள்.