பதினான்காம் அத்தியாயத்து விருந்தாளி

கரட்டூரிலும் சுற்று வட்டாரத்திலும், இணையத்தில் இலவசமாகக் கதை படித்தால், அந்தக் கதையில் பெயர் உள்ளவர்கள் மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெயர் இல்லாதவர்கள் வருவதில்லை. காசு கொடுத்துப் படித்த கதைகளிலிருந்தும் யாரும் வருவதில்லை. வந்தவர்கள் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் நாள் கிளம்பிவிடுவார்கள். கதை முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குருவம்மாளுக்கு அது தோதாக இருந்தது. தனி ஆள், வயது அறுபத்து நான்கு, எட்டாவது வரை படிப்பு. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டை எண்ணிக் கொடுத்தவள். ஒரு நாளும் ஒரு முட்டை கூடியதில்லை, குறைந்ததில்லை. ஊரில் பாதிப் பேர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேச அவளுக்குக் கூச்சம். எதிரே நிற்பவரின் கால்களைப் பார்த்துத்தான் பேசுவாள். பேய்க்கதை விருந்தாளிகளுக்குக் கால் கிடையாது என்பதால் அவர்களிடம் பேசும்போது மட்டும் எங்கே பார்ப்பது என்று திண்டாடுவாள்.

பேய்க்கதை, மாயக்கதை, விஞ்ஞானக் கதை, இந்த மூன்றைத்தான் படித்தாள். குடும்பக் கதைகளைத் தொடுவதில்லை. அதிலிருந்து வருகிறவர்கள் மூன்றாம் நாளும் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று கேள்வி.

நல்ல கதை இலவசமாகக் கிடைப்பது லேசான காரியம் இல்லை. கைபேசியில் தேடித் தேடி அறுபத்தொரு முகவரிகளை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதில் இருபத்திரண்டுதான் திறந்தன. ஏழு, இரண்டாம் பக்கத்திலேயே வங்கி அட்டை எண் கேட்டன, அவற்றை அடித்துவிட்டாள். ஐந்தில் முதல் அத்தியாயம் மட்டும் இலவசம். அப்படி வந்த விருந்தாளிகள் இடுப்பு வரைதான் வந்தார்கள். அவர்களைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. மீதிப் பத்தும் தங்கமானவை. படை நடக்கும் கதை என்றால், எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படிப்பாள். ஒன்பதுக்கு மேல் போனால் அரிசி காணாது.

அந்தப் பத்தில் ஒன்றில்தான் இழையின் கதை இருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே தனியாகக் கப்பல் ஓட்டிப் போகிற பெண் இழை. கதையில் பெயர் உள்ளவள் அவள் ஒருத்திதான். பதினான்காம் அத்தியாயத்தின் கடைசி வரியில், கப்பலின் உள் கதவைத் திறக்க அவள் வலது கையைத் தூக்குகிறாள். அதற்குப் பிறகு எழுதியவர் எழுதவில்லை.

இழை மறுநாள் ஆறு மணிக்கு வந்தாள். ஆறே முக்கால் அடி உயரம், வலது கை தலைக்கு மேலே தூக்கியபடி. முடியாத கதையிலிருந்து வருகிறவர்கள் கடைசி வரியில் எப்படி இருந்தார்களோ அப்படியேதான் இருப்பார்கள். மூன்றாம் நாள் அவள் போகவில்லை. ஒன்பது மாதம் ஆயிற்று. குருவம்மாள் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், இட்லியை இடது கைக்கு எட்டும்படி வைத்தாள், தையல்காரரிடம் சொல்லி ஒரு பக்கத் தோளை உயர்த்தி நைட்டி தைத்து வாங்கினாள். விருந்தாளி என்பதால் ஒரு வேலையும் வாங்கவில்லை.

“அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கும்?” என்று ஒரு நாள் இழையின் பாதங்களைப் பார்த்துக் கேட்டாள்.

“தெரியல. திறந்தாத்தான் தெரியும்” என்றாள் இழை.

அப்போதுதான் பேரூராட்சி ஆணை வந்தது. முடியாத கதை விருந்தாளிகள் ஊரில் இருநூற்றுப் பதினேழு பேர் சேர்ந்துவிட்டதால், அவர்கள் எல்லாரையும் முடித்து அனுப்ப வேண்டும். முறை எளிது. விருந்தாளி வாசற்படியைத் தாண்டி ‘போகிறேன்’ என்று சொல்ல வேண்டும். உடனே அலுவலர் அவர் வலது மணிக்கட்டில் ‘முற்றும்’ என்ற முத்திரையை வைப்பார். அதன் பிறகு விருந்தாளி இருக்கமாட்டார்.

முத்திரையோடு எழுத்தர் சந்தனராஜ் வந்தார். இழை குனிந்து வாசற்படியைத் தாண்டினாள். ஒன்பது மாதம் அந்த வீட்டில் சாப்பிட்டவள் அவள்.

“போயிட்டு வரேன்” என்றாள். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அப்படிச் சொல்லக் கூடாதும்மா. போறேன்னு மட்டும் சொல்லணும்” என்றார் சந்தனராஜ்.

குருவம்மாள் அவருடைய செருப்பைப் பார்த்தாள். “வெள்ளிக்கிழமை அதுவுமா என் வாசல்ல அந்தப் பேச்சு வேண்டாம்.”

“அப்ப திங்கட்கிழமை?”

“திங்கட்கிழமையும் இதே வாசல்தான்.”

சந்தனராஜ் முத்திரையைப் பெட்டியில் வைத்தார். “சரி, போயிட்டு வரேன் டீச்சர்” என்றார்.

சொல்லிவிட்டதால் அவர் மறுபடி வரவேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் வந்தார், இழை போய்விட்டு வந்தாள், அவரும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். குருவம்மாள் நோட்டில் கோடு போட்டு வைத்தாள்.

“இதோட பதினொண்ணு” என்றாள் ஒரு நாள்.

“ஒரு தடவையாவது நீங்க என்னைப் போடான்னு சொல்லியிருந்தா எனக்கு இந்த அலைச்சல் இருக்காதுல்ல?” என்றார் அவர். “உங்க கையால முட்டை வாங்கித் தின்னவன் நான்.”

“தெரியும். ஆறாம் வகுப்பு ஆ பிரிவு. ஒரு நாள் வரிசையில ரெண்டு தடவை வந்தே. ரெண்டாவது தடவை குடுக்கல.”

சந்தனராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மேல இருந்து நெருக்குறாங்க டீச்சர். நீங்களே ஒரு வரி எழுதிருங்க. கதவு திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை, முற்றும். நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்.”

“எண்ணிப் பாக்காம நான் எதையும் எழுதினதில்ல.”

“அது முட்டை. இது கதை.”

“உள்ள ஒண்ணுமில்லன்னு நீ பாத்தியா?”

அவர் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் முறை வந்தபோது புது ஆணை கொண்டுவந்திருந்தார். விருந்தாளி எதுவும் சொல்ல வேண்டியதில்லை, முத்திரை மட்டும் போதும். இழை கூடத்தில் நின்றிருந்தாள். சந்தனராஜ் முத்திரையை மையில் ஒற்றி எடுத்து, கையை உயர்த்தினார். இழையின் மணிக்கட்டு உத்தரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எம்பிப் பார்த்தார். எட்டவில்லை.

“டீச்சர், ஒரு முக்காலி இருந்தா குடுங்க.”

முக்காலி இருந்தது. வாசற்கதவின் மேல் தாழ்ப்பாள் குருவம்மாளுக்கு எட்டாது. தினமும் காலையில் அதன்மேல் ஏறித்தான் கதவைத் திறப்பாள். அவள் போய் முக்காலியை எடுத்தாள். இடது கக்கத்தில் இறுக்கி இடுக்கிக்கொண்டாள். பிறகு, அறுபத்து நான்கு வயதில் முதல் தடவையாக, ஒருவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சந்தனராஜின் வலது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது அவளுக்குப் புதுச் செய்தி.

“இருக்கு” என்றாள். “தரமாட்டேன்.”

சந்தனராஜ் அலுவலகம் போய் நான்கு பக்க அறிக்கை எழுதினார். குருவம்மாளின் பெயர் முதல் பக்கத்திலும், அவர் பெயர் கையெழுத்துக்குக் கீழேயும் இருந்தன. இழையை ‘மேற்படி விருந்தாளி’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: முத்திரை வைக்க எழுத்தர் கையை உயர்த்தியும் எட்டவில்லை, வீட்டுக்காரர் முக்காலியை இடுக்கிக்கொண்டு தர மறுத்துவிட்டார், மேல்நடவடிக்கை நிலுவையில். விதிப்படி அறிக்கை பேரூராட்சியின் இணையதளத்தில் ஏற்றப்பட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

புதன்கிழமை மாலை, கதவைத் தாழிட்ட பிறகு, குருவம்மாளின் கைபேசிக்குச் செய்தி வந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் அவளைப் படித்து முடித்துவிட்டார். நாளை காலை ஆறு மணி. முகவரியும் இருந்தது.

மூலையில் இருந்த முக்காலி அவள் கக்கத்துக்கு வந்திருந்தது. கீழே வைக்கப் பார்த்தாள், கை விரியவில்லை. முக்காலியோடே குளித்து, முக்காலியோடே படுத்து எழுந்தாள். மாற்றுச் சேலை இரண்டு, நோட்டு ஒன்று, எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்தாள். அடுக்களையில் ஆறு நாளைக்கு அரிசி இருப்பதை இழைக்குக் காட்டினாள்.

ஐந்தேகால் பேருந்துக்குக் கிளம்பியபோதுதான் மேல் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. முக்காலி கக்கத்தில் இருக்கும்போது அதன்மேல் ஏற முடியாது.

இழை கதவருகே வந்து குனிந்து நின்றாள். தூக்கியிருந்த கை தாழ்ப்பாளுக்குச் சரியாகப் பொருந்தியது. இழுத்தாள். கதவு திறந்தது. வெளியே பால் பாக்கெட் கூடையும், எதிர்வீட்டு ஸ்கூட்டரும், இன்னும் விடியாத தெருவும் இருந்தன. இழை வெகுநேரம் பார்த்தாள். அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“எத்தனை இருக்கு?” என்று கேட்டாள் குருவம்மாள்.

“இன்னும் எண்ணி முடிக்கல” என்றாள் இழை.

“எண்ணி வை. போயிட்டு வரேன்.”

பக்கத்து ஊரில், வாயில் பிரஷ்ஷோடு ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். “எந்தக் கதைம்மா?”

“பேரூராட்சி அறிக்கை. நாலு பக்கம்.”

“முடிவு?”

“நிலுவை.”

“அப்ப பாய் எடுத்துப் போடணும்” என்று சொல்லி அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே சந்தனராஜ் உட்கார்ந்திருந்தார். வலது கை தலைக்கு மேலே உயர்ந்து, முத்திரையைப் பிடித்தபடி இருந்தது. இடது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர்” என்றார். “அந்த முக்காலிய இப்பவாவது…”

குருவம்மாள் அவருடைய தட்டில் மூன்று இட்லி இருப்பதை எண்ணிக்கொண்டாள்.

“தரமாட்டேன்” என்றாள்.