டெமோ வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைதாப்பேட்டை டீக்கடையில் பைக் குரூப் கூடினால் ஒரே பேச்சுதான்: வெர்கானோ டர்ட் பைக் ஏன் போணியாகவில்லை? அந்த வண்டியை விற்கும் ஷோரூமில் மூன்று வருஷமாக சேல்ஸில் குப்பை கொட்டும் உபைத், டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"போன மாசம் சிட்டி முழுக்க ஏழு வண்டிதான் போச்சாம்," என்றான் லாரன்ஸ். "சீட்டு உசரம் மச்சி. காலு எட்டல."

"ஸ்பேர் கிடைக்கல. அதான் மேட்டரு," என்றான் வேலு.

"விக்கத் தெரியாத கம்பெனிப்பா," என்று லாரன்ஸ் தீர்ப்பு சொன்னான்.

பதில் சொல்லிச் சொல்லி உபைதுக்கு வாய் வலித்ததெல்லாம் முதல் வருஷத்தோடு சரி. டர்ட் பைக் ஓட்டுகிறவர்கள் போடும் பூட்ஸும் முட்டிக் கவசமுமாக லாரன்ஸ் உட்கார்ந்திருந்தான். அவன் வந்தது மனைவியின் ஸ்கூட்டரில்.

டீ முடிந்ததும் வழக்கம்போல் லாரன்ஸின் கை நீண்டது. வாங்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்க ஷோரூம் வைத்திருந்த வெர்கானோ டெமோ வண்டியின் சாவியை உபைத் கொடுத்தான். அது இதுவரை ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பாதிக்கு மேல் லாரன்ஸ் ஓட்டியது.

"பெசன்ட் நகர் வரிக்கும் போய்ட்டு வந்துட்றேன்," என்றான் லாரன்ஸ். "பெட்ரோல் கீதுல்ல?"